தழும்பு தெரியாத ஒட்டு

கோந்தின் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. கல்யாணப் பத்திரிகையின் உறையை மூட, கிழிந்த பாடப்புத்தகத்துக்கு அட்டை போட, நவராத்திரிக்குக் கலர் காகிதம் ஒட்ட அது போதும். இன்ஸ்பெக்டர் சார், உங்கள் மேஜைமேல் இருக்கிற அந்தக் காகிதக் கட்டின் முதுகைப் பாருங்கள். யாரோ மைதாப் பசை தடவியிருக்கிறார். பாதியைக் கரப்பான்பூச்சி தின்றுவிட்டது. எதை எதோடு ஒட்டுகிறோம் என்று யோசிக்காமல் கைக்குக் கிடைத்ததைத் தடவுகிற வழக்கம் நம் தேசத்தில் சுதந்திரத்துக்கு முன்னும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

என் பெயர் சுப்பராமன். கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் மெஹபூப் அலியை லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடலாம். ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் குறுக்கிட வேண்டாம். வகுப்பிலும் எனக்கு அது பிடிக்காது.

எங்கள் வீடு சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில். கீழே நானும் என் மனைவி ஜெயலக்ஷ்மியும். குழந்தைகள் இல்லை. மாடியில் ஒரே அறை. அதில் கிருஷ்ணசாமி குடியிருந்தான். கிச்சா என்றால்தான் தெருவில் தெரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவன், வெற்றிலைகூடப் போடமாட்டான். அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சங்கீதம். மயிலாப்பூரில் சங்கீதத்தைக் கெட்ட பழக்கம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். கிச்சா பாடிக் கேட்டவர்கள் வரமாட்டார்கள்.

சுருதிப்பெட்டி ஒரு வழியே போகும், அவன் ஒரு வழியே போவான். எங்கேயாவது இரண்டும் சந்தித்துக்கொண்டால் அவனே ஆச்சரியப்பட்டு நிறுத்திவிடுவான். ரேடியோவில் பாட வேண்டும் என்பது அவன் ஆசை. குரல் பரீட்சைக்கு மூன்று தடவை போனான். மூன்று தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு, "இந்தத் தடவை அனுபல்லவி வரைக்கும் விட்டா அண்ணா" என்று சிரித்த முகமாகச் சொல்வான். வெட்கம் என்பதே அவன் உடம்பில் கிடையாது. அது இல்லாதவர்களைத் திருத்துவது கஷ்டம்.

எதிர்வீட்டு வக்கீல் கல்யாணராமன் ஒரு நாள் என்னைத் தெருவில் நிறுத்தினார். "சார், உங்காத்து மாடியில ஒரு கொலை நடக்கறது. தினமும் விடியக்காலம் தோடியைக் கொல்றான். நீங்க வீட்டுக்காரர், ஏதாவது பண்ணப்படாதோ?" என்றார். கொலை என்ற வார்த்தையை முதலில் உபயோகித்தவர் அவர்தான். குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஜெயலக்ஷ்மியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கேட்பீர்கள். அவளும் ஒரு காலத்தில் பாடுவாள். பெண் பார்க்கப் போனபோது பாடினாள். கல்யாணம் ஆன புதிதில் நான் ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. வேண்டாம் என்றேன், நிறுத்திவிட்டாள். பரீட்சை முடிந்தது, தேறினேன். மறுபடி பாடலாம் என்று சொல்ல நான் மறந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை. அப்படியே பல வருஷம் போய்விட்டது. இதில் யார்மேலும் தப்பு இல்லை.

இந்த வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, கிச்சா மாடியில் ஒரு கீர்த்தனையை எடுத்து, ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டான். திரும்பத் திரும்ப அங்கேயே வந்து முட்டினான். அப்போது கீழே சமையலறையிலிருந்து அந்த இடம் சரியாக வந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். யாரோ கிராமபோன் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

கிச்சா நாலுநாலு படியாகத் தாண்டி இறங்கி வந்தான். "மன்னி, அது நீங்களா? எனக்கு அந்த இடம் பிடிபடவே மாட்டேங்கறது. இன்னொரு தடவை பாடுங்கோளேன்."

"ஐயையோ, நான் ஏதோ முணுமுணுத்தேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பாடினாள்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. எங்கள் வீட்டில் அதுவரை பால் பொங்கி வழிந்ததில்லை.

அதற்குப் பிறகு தினமும் அவன் மாடியில் தடுக்கி விழுவதும், இவள் கீழேயிருந்து தூக்கி விடுவதுமாக இருந்தது. எனக்கு அதில் ஆட்சேபம் கிடையாது. எனக்கு ஆட்சேபம் சத்தத்தில்தான். தெருவுக்காகவும் யோசித்தேன். அவனைக் காலி பண்ணச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது மனிதத்தன்மை இல்லை. நான் அவனுக்கு ஓர் அறை கட்டித் தருவதென்று தீர்மானித்தேன். மாடி அறைக்குள்ளேயே, ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுகிற மாதிரி சின்ன அறை. சத்தம் வெளியே வராது. மரத்தில் செய்தால் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கண்ணாடி கனம், உடையும். அதனால்தான் பெர்ஸ்பெக்ஸ், கண்ணாடி மாதிரியே இருக்கிற பிளாஸ்டிக்.

யுத்தம் முடிந்ததும் மீனம்பாக்கத்தில் நின்றுபோன விமானங்களை ஏலம் போட்டார்களே, அந்தச் சரக்கு தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோடு ஓரமாக மெஹபூப் அலியின் கொட்டகையில் கிடந்தது. பைலட் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடிக் கூடுகள், பெரிய பெரிய தகடுகள். அவர் படத்துக்குச் சட்டம் போடுகிற பரம்பரை. யுத்தம் அவரை வியாபாரி ஆக்கியிருந்தது. கொஞ்சம் வாய் அதிகம்.

"இது கண்ணாடி இல்ல சார், ஏரோப்ளேன் சாமான். பாருங்க" என்று சுத்தியலால் ஓங்கி அடித்துக் காட்டினார். உடையவில்லை. எனக்கு அது பிடித்தது. "உள்ள யாரு குந்தப் போறாங்க?"

"ஒரு பாட்டுக்காரர்."

"பாட்டுக்காரரா? சுத்தி அடைச்சிட்டா காத்துக்கு இன்னா பண்ணுவாரு?"

"அந்தக் கணக்கு என்னுடையது" என்றேன். அப்போது நான் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. நிஜமாகவே கணக்கைத்தான் சொன்னேன்.

அறுப்பதும் அரம் வைத்து ராவுவதும் மெஹபூப் அலி. ஒட்டுவது நான். என்ன வைத்து ஒட்டுவது என்பதில் எங்களுக்குள் நல்ல சண்டை. அவர் முதலில் பித்தளை ஸ்க்ரூ போடலாம் என்றார். போட்டார். ஸ்க்ரூவைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடியது. அடுத்தது தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ரப் பசை. அது மரத்தின் துளைகளுக்குள் இறங்கிப் பிடிப்பது. இந்தத் தகட்டில் துளை ஏது? ஆறினதும் தோசை மாதிரி மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. சைக்கிள் பஞ்சருக்குப் போடுகிற ரப்பர் சொல்யூஷன் பிடித்தது, ஆனால் மூக்குச் சளி மாதிரி மஞ்சளாக இழுத்துக்கொண்டு நின்றது. அவருக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு தோஸ்த். ஸ்டுடியோவில் அறுந்த பிலிமை ஒட்டுகிறவர். அவரிடமிருந்து ஒரு புட்டி பிலிம் சிமெண்ட் வாங்கி வந்தார். ஒட்டியது, ஆனால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. நான் கல்லூரியிலிருந்து வீரியமான அசிட்டிக் அமிலம் கொண்டு வந்து பார்த்தேன். ஒட்டு நன்றாக இருந்தது. வீடெல்லாம் ஊறுகாய்க் கடை வாசனை. ஜெயலக்ஷ்மிக்கு இருமல் வந்தது. விட்டுவிட்டேன். அவள் சௌகரியத்தை நான் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசியில் குளோரோஃபாரம்.

நீங்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். கோந்து, வஜ்ரம், அரக்கு எல்லாமே இரண்டு பொருள்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்து நிற்பது. அது இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி பாவனை பண்ணும். உண்மையில் இரண்டு பேரும் சேரவிடாமல் நடுவில் இருப்பது அதுதான். குளோரோஃபாரம் அப்படி இல்லை. இரண்டு ஓரங்களையும் கொஞ்சம் கரைக்கும், ஒன்றோடு ஒன்று கலக்க விடும், பிறகு ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது ஒரே தகடு. எங்கே ஒட்டினோம் என்று ஒட்டினவனுக்கே தெரியாது. ஓரம் மட்டமாக இருக்க வேண்டும், எண்ணெய்க் கை படக்கூடாது. இங்க் ஃபில்லரால் விளிம்பில் விட்டால் இடுக்குக்குள் தானே ஓடும். பிறகு அசையாமல் பிடிக்க வேண்டும். ரொம்பவும் அழுத்தினால் திரவம் வெளியே வந்துவிடும். அழுத்தாவிட்டால் காற்றுக்குமிழ் நிற்கும். கை நடுங்கினால் கெட்டது. இடுக்கு பெரிதாக இருந்தால் அந்தத் தகட்டின் ராவல் தூளையே குளோரோஃபாரத்தில் கரைத்துப் பாகு மாதிரி ஆக்கி நிரப்பலாம்.

அறை முடிந்தது. மேலே ஓட்டைகள் வேண்டுமா என்று மெஹபூப் அலி என்னைக் கேட்கவில்லை. அவரே துரப்பணத்தை எடுத்து, பூப் போட்ட மாதிரி வட்டமாகத் துளைத்துவிட்டார். "சிங்காரமாவும் கீது, மூச்சும் வுடலாம்" என்றார். கதவின் விளிம்பில் கம்பளித் துணி, உள்பக்கம் ஒரு பித்தளைக் கொக்கி.

மாடியில் அதை நிறுத்திய அன்று தெருவே வந்தது. வக்கீல் தேங்காய் உடைத்தார். அவர் அவ்வளவு பக்தியோடு தேங்காய் உடைத்து நான் பார்த்ததில்லை. கிச்சா மெஹபூப் அலிக்கு மாலை போட்டான். என் காலில் விழுந்தான். "எங்கப்பாகூட எனக்காக இவ்வளவு பண்ணினதில்லை அண்ணா" என்றான். கண்ணில் தண்ணீர். உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தான். கிணற்றுக்குள் யாரோ பேசுகிற மாதிரி ஒரு முனகல் மட்டும் வெளியே வந்தது. தெருவில் கைதட்டினார்கள். அவன் கண்ணைத் திறந்து பார்த்து, தன் பாட்டுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டான்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியாததற்கு நான் காரணம் இல்லை.

பாட்டு கேட்காததால் ஜெயலக்ஷ்மி பார்க்கப் போக ஆரம்பித்தாள். காலையில் காபியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். அவன் உள்ளே பாடிக்கொண்டிருப்பான். இவள் வெளியே தரையில் உட்கார்ந்து, அவன் உதடு அசைவதைப் பார்த்து, எந்த இடத்தில் இருக்கிறான் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைத் தானே வாய்விட்டுப் பாடுவாள். அவன் இவள் உதட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்வான். யோசித்துப் பாருங்கள் சார். நான் அவ்வளவு பாடுபட்டு ஒருவனுடைய வாயை அடைத்தேன். பலன், இன்னொருத்தியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. முன்பாவது சமையலறையிலிருந்து ஒரு வரி, இரண்டு வரி. இப்போது பல்லவியிலிருந்து மங்களம் வரை.

நன்றாகத்தான் பாடினாள். அதை மறைக்க வேண்டியதில்லை. தெருவில் யாரும் என்னிடம் புகார் சொல்லவில்லை. வக்கீல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "ஏன்னா, நான் பாடறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

"எனக்கென்ன தொந்தரவு?" என்றேன்.

"அப்பாடா" என்றாள். அன்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். நான் அதையும் சொல்லிக் காட்டவில்லை.

முதலில் நான் அந்த ஓட்டைகளைத்தான் மூடினேன். அதன் வழியாகத்தான் கொஞ்சநஞ்சம் சத்தம் வந்து அவளை மாடிக்கு இழுக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதே தகட்டில் சின்னச் சின்ன வில்லைகள் வெட்டி, ஒவ்வொன்றையும் துளைக்குப் பொருத்தி, குளோரோஃபாரம் விட்டு, காய்ந்ததும் மட்டமாகத் தேய்த்துப் பாலீஷ் போட்டேன். கையால் தடவினால்கூடத் தெரியாது. நான் செய்த வேலைகளில் அதை இரண்டாவதாக வைப்பேன்.

கிச்சா அண்ணாந்து பார்த்தான். "ஓட்டையெல்லாம் எங்கே அண்ணா? காத்து வருமோன்னோ?"

"கதவு இடுக்கில் வருகிறதே, அது போதும்."

"நீங்க சொன்னா சரிதான்" என்றான். அவனுக்கு ரசாயனம் தெரியாது. சங்கீதமும் தெரியாது. தெரிந்தவர்களை நம்புவான்.

ஆனால் பலன் நேர்மாறாக இருந்தது. உள்ளே புழுக்கம். கத்திரி வெயில் வேறு. பாடி முடித்து வெளியே வரும்போது வேர்வையில் குளித்திருப்பான். ஜெயலக்ஷ்மி ஒரு கையில் துண்டும் ஒரு கையில் பானகமுமாக நிற்பாள். எங்கள் வீட்டில் பானகம் ராமநவமிக்கு மட்டும்தான் கரைப்பது.

போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த பிறகு, கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை, பார்க்க வேண்டும் என்று கிச்சாவிடம் சொன்னேன். உள்ளே யாராவது பாடிக்கொண்டிருந்தால்தான் சத்தம் எங்கே கசிகிறது என்று எனக்குத் தெரியும் என்றேன்.

"தாராளமா பாடறேன். தோடி எடுக்கட்டுமா?"

"எது ரொம்ப நேரம் வருமோ அதை எடு."

"அப்போ தோடிதான்" என்று சந்தோஷமாக உள்ளே போய் உட்கார்ந்தான். கம்பளித் துணியை முந்தின நாளே உரித்திருந்தேன். விளிம்பை மட்டமாக ராவியிருந்தேன். ஆலாபனை ஆரம்பித்தால் அவன் கண்ணைத் திறக்கமாட்டான். அது அவனிடம் இருந்த ஒரே வித்வத்துவம். கதவைச் சாத்தினேன். இங்க் ஃபில்லரால் நாலு பக்கமும் விட்டேன். கீழ்ப்பக்கம் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். குளோரோஃபாரத்தின் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். பாடகர்கள் தரையில்தான் உட்காருகிறார்கள்.

கதவு உயரமானது. ஒட்டு பிடிக்கும் வரை ஒரே ஆள் மேலும் கீழும் அழுத்த முடியாது. ஜெயலக்ஷ்மியைக் கூப்பிட்டேன். "கதவைச் சரி பண்றேன், ரெண்டு கையாலும் இப்படி அழுத்திப் பிடி" என்றேன். பிடித்தாள். ஏதோ தித்திப்பாக வாசனை வருகிறதே என்றாள். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது என்றேன். ஒட்டு பிடித்த பிறகு போதும் என்றேன். கபாலி கோயிலுக்குப் போய்விட்டு வா, நானும் பின்னால் வருகிறேன் என்றேன். நான் அப்படிச் சொல்வது அபூர்வம் என்பதால், தலையை வாரிக்கொண்டு உடனே கிளம்பினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரல் முதலில் கொஞ்சம் இழுத்தது, குடித்தவன் பாடுகிற மாதிரி. கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். கொக்கியைத் தள்ளினான். கதவு அசையாததும், தன் கைதான் பலமில்லாமல் இருக்கிறது என்று நினைத்தவன் மாதிரி விரல்களைப் பார்த்துக்கொண்டான். பிறகு தகட்டைத் தட்டினான். எந்தத் தாளத்திலும் அது அடங்கவில்லை. "அண்ணா" என்று உதடு அசைந்தது. அதைப் படிக்க என்னால்கூட முடிந்தது. நான் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூலைகளில் ஒட்டு எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. தோளால் இடித்தபோது தகடு வளைந்து கொடுத்தது, ஒட்டு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் தூங்குகிற மாதிரி சாய்ந்துகொண்டான். நான் அந்தியாகும் வரை இருந்தேன்.

பிறகு வாசலுக்கு வந்து ஆட்களைக் கூப்பிட்டேன். வக்கீல் ஓடி வந்தார். கடப்பாரையால் உடைத்தார்கள். தகடு நொறுங்கியது, ஒட்டு நின்றது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஜெயலக்ஷ்மி குங்குமப் பொட்டலத்தோடு படியேறி வந்தபோது அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

மறுநாள் நீங்கள் மெஹபூப் அலியைப் பிடித்தீர்கள். காற்றுக்கு வழி வைக்காமல் கூண்டு செய்தான், கதவுக் கோந்து வெயிலில் உருகி ஒட்டிக்கொண்டது, அஜாக்கிரதையால் மரணம் என்று எழுதிக்கொண்டீர்கள். பேப்பரிலும் அப்படியே வந்தது. கோந்து வெயிலில் உருகாது சார். காய்ந்து உதிரும். இது பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும். ஓட்டை போட்டேன் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம். நீங்கள் உடைந்த துண்டுகளையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துத் தேடினீர்களாம். கிடைக்கவில்லையாம். கிடைக்காது.

நேற்று அவர் மனைவி அமீனா பீ எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். "சார், எங்க வூட்டுக்காரரு மேல ஓட்டை போட்டாரு. நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தீங்கோ. அத்த மட்டும் ஸ்டேசன்ல வந்து சொல்லுங்கோ. வேற ஒண்ணும் வாணாம்" என்றாள்.

எனக்குச் சரியாக ஞாபகம் இல்லையே என்றேன்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்று பின்னாலிருந்து ஜெயலக்ஷ்மி சொன்னாள். "பூ மாதிரி போட்டிருந்தார்."

அமீனா பீ அவளைப் பார்த்துக் கை கூப்பினாள். "அம்மா, அப்ப நீயாவது வந்து சொல்லும்மா" என்றாள். அழுதுகொண்டே போனாள்.

அவள் தெருமுனை திரும்பும் வரை ஜெயலக்ஷ்மி அங்கேயே நின்றாள். பிறகு கேட்டாள். "ஏன்னா, அந்த ஓட்டையெல்லாம் எங்கே போச்சு?"

நேரடியாகக் கேள்வி கேட்டால் நேரடியாகப் பதில் சொல்வது ஆசிரியனுடைய வழக்கம். வில்லை வெட்டியதையும் பாலீஷ் போட்டதையும் விளக்கினேன். நடுவில் மூன்றாவது பொருள் இல்லாத ஒட்டு என்ன என்பதையும் விளக்கினேன். வகுப்பில் முதல் பெஞ்சில்கூட யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"அன்னிக்கு நான் எதைப் பிடிச்சுண்டிருந்தேன்?" என்றாள்.

"கதவை."

"எதுக்கு?"

"ஒட்டு பிடிக்க."

தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றில் தண்ணீர் இழுத்துக் கழுவினாள். மறுபடி இழுத்தாள், மறுபடி கழுவினாள். இருட்டின பிறகும் ராட்டினம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நான் தூங்கிவிட்டேன்.

இன்று காலை வெளியே போகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். அவளுக்குக் குளோரோஃபாரம் என்று சரியாகச் சொல்லவே வராது. வெளியே பெஞ்சில் அமீனா பீயோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். அவள் சொல்வதற்கு முன்பே நானாக வரத் தீர்மானித்திருந்தேன். ஒரு தொழிலாளி செய்யாத தப்புக்கு உள்ளே இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். அவர் செய்யாத வேலைக்கு அவர் பெயர் வரக் கூடாது என்பதும் உண்டு.

ஆக, கிச்சாவை அந்த அறைக்குள் வைத்து ஒட்டியது நான். அவன் பிழைக்கமாட்டான் என்று தெரிந்து ஒட்டினேன். மெஹபூப் அலிக்கு இதில் எதுவும் தெரியாது. ஜெயலக்ஷ்மிக்கும் தெரியாது.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு மாதிரி என்னைப் பார்க்கிறீர்கள். கிச்சாவுக்கும் ஜெயலக்ஷ்மிக்கும் நடுவில் ஏதாவது இருந்ததா என்று கேட்கப் போகிறீர்கள். ஒன்றும் இல்லை. அவன் அவளை மன்னி என்று கூப்பிட்டான், அப்படியேதான் நினைத்தான். பாட்டைத் தவிர ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்கள். எனக்குப் பொறாமை என்று வக்கீல் உங்களிடம் சொல்லியிருப்பார். பொறாமை என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். அவள் முகம் தகட்டுக்கு ஒரு சாண் தூரத்தில். உள்ளங்கை இரண்டும் விரிந்திருந்தன. அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே சத்தமில்லாமல் கூடவே பாடினாள். கை ஒரு மயிரிழை நடுங்கவில்லை. எங்கள் கல்யாணத்திலிருந்து அந்த முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒட்டு பிடித்து ரொம்ப நேரம் ஆன பிறகும் நான் போதும் என்று சொல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமைக்காரனாக இருந்தால் ஒரு மனிதனால் அதைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு பொறுமையாக நிற்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.